இரண்டாங்குரலுக்கு விட்ட இடம்

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பாவுக்கு,

வணக்கம். இப்படித் திடீரென்று கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் சித்தி அம்மாவிடம் பேசும்போது போன் என் கைக்கும் வரும். "நல்லா இருக்கியாம்மா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "நல்லா இருக்கேன் சித்தப்பா" என்று நான் சொல்வேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. செய்தியாக அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் அடிப்பதும் அழிப்பதும், மறுபடி அடிப்பதும், 'எழுதுகிறார்' 'எழுதுகிறார்' என்று உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த வெட்கம் வேண்டாம் என்றுதான் தாளை எடுத்தேன். தாளில் அழித்தால் அது எனக்கும் பேனாவுக்கும்தான் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. அம்மா அதைவிடச் சத்தமாக முணுமுணுப்பதால் அடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டதால் எரிந்துபோன பம்பு மோட்டார்கள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. அப்பா பகலெல்லாம் குனிந்து செம்புக் கம்பி சுற்றுகிறார். அவருக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். சித்தியின் இருமல் நின்றதா? தம்பி எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறான் என்று கேட்டதில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் போனில் வாசித்துக் காட்டிய நாலு வரியைத் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்று, நான் பட்டம் வாங்கியபோது நீங்கள் ஒரு மடிக்கணினி அனுப்பினீர்களே, அது இன்னும் நன்றாக ஓடுகிறது. அப்பா அதை 'அந்தப் பெட்டி' என்றுதான் சொல்வார். யார் அனுப்பியது என்று வாயால் சொல்லமாட்டார். ஆனால் அதன்மேல் யாராவது தேநீர் டம்ளரை வைத்தால் கத்துவார். படித்து முடித்து நான் நேர்காணல்களுக்குப் போய்வந்த கதை உங்களுக்குச் சித்தி சொல்லியிருப்பார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்றால் நான் மேசையைப் பார்ப்பேன். போன இடத்து மேசையெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது, முகங்கள்தான் நினைவில்லை. "படிச்சவளுக்கு வாயத் திறக்க முடியல, படிக்காத எனக்கு மூட முடியல" என்று அம்மா சொன்னார். இப்போது ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து அப்பா குழுவின் பாட்டுகளை இணையத்தில் விற்கிறேன். பேசாமல் எழுதினாலே போதும் என்கிற வியாபாரம். எனக்கென்றே செய்தது போல இருக்கிறது.

கடையின் பின்னறை உங்களுக்கு நினைவிருக்கும். பழைய மோட்டார் ஓடுகளுக்கு நடுவே நீங்கள் எல்லோரும் ஒத்திகை பார்த்த இடம். அதுதான் இப்போது நம் ஒலிப்பதிவு அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டியிருக்கிறோம். பாடும்போது மின்விசிறி கூடாது, தண்ணீர் மோட்டார் கூடாது, அம்மா தாளிக்கக் கூடாது. வார்னிஷ் வாசனையை மட்டும் விரட்ட முடியவில்லை. கீபோர்டு மாமா உள்ளே நுழைந்ததும் இரண்டு தும்மல் போடுவார். பதிவு ஆரம்பம் என்று அர்த்தம். தபலாக்காரர் இன்னும் 'அவசரம்'தான். நீங்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. தாளத்தை இழுத்துக்கொண்டு இன்னும் முன்னால்தான் ஓடுகிறார். "பாட்டு முடிஞ்சப்புறம் எங்கடா போகப்போற?" என்று அப்பாவும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

முதலில் ஒரே ஒரு பாட்டைத்தான் இணையத்தில் ஏற்றினேன். விளையாட்டாக. யாரோ ஓர் அம்மா வெளிநாட்டிலிருந்து, "இந்தக் குரலை நான் கேசட்டில் கேட்டிருக்கிறேன், கல்யாணமாகி வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்" என்று எழுதினார். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நான் கதை கட்டுகிறேன் என்றார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கை கழுவிவிட்டு வந்து மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் பதிவு செய்து விற்பனைக்கு வைத்து வருகிறோம். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடல் கடந்து இருப்பவர்கள்தான். ஒருவர் பாட்டை வாங்கிவிட்டு, தபலா இல்லாமல் ஒன்று கிடைக்குமா, குழந்தை விழித்துக்கொள்கிறது என்று கேட்டார். அவசரத்துக்கு ஒரு வாரம் கோபம். இன்னோர் அக்கா ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் வாங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் உங்களுடையது என்று எழுதினேன். "அப்படியா? இது தெரியாம இத்தனை நாளா அடக்கி அடக்கிக் கேட்டேனேம்மா" என்று பதில் வந்தது. அதை அப்பாவிடம் வாசித்தபோது அவர் சிரிக்கவில்லை. அந்த அக்காவுக்கு மீதிப் பாட்டையெல்லாம் சும்மா அனுப்பு என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதாவது விஷயத்தின் பக்கத்துக்கு.

வெளிநாட்டில் ஒரு பெண்மணி தன் வீட்டு மாடியறையிலிருந்து இணையத்தில் தமிழ் வானொலி நடத்துகிறார். அவர் ஒரு பாட்டைப் போட்டால் அன்றைக்கே அதை நூறு பேராவது வாங்குகிறார்கள். பத்துப் பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கொடுங்கள், அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஒரு மாலை முழுவதும் உங்கள் குழுவுக்கே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கீபோர்டு மாமா அன்றைக்கு நாலு தும்மல் போட்டார், சந்தோஷத்தில். ஒரே ஒரு நிபந்தனை. படகுப் பாட்டு கண்டிப்பாக வேண்டும். கேசட்டில் இருந்ததுபோலவே வேண்டும், இரண்டு குரலோடு.

எந்தப் பாட்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவும் நீங்களும் சேர்ந்து கட்டியது. பனிமூட்டத்தில் வழி தெரியாத படகுக்காரன் "கரை எந்தப் பக்கம்? கரை எந்தப் பக்கம்?" என்று கேட்பான். அது அப்பா. கரையிலிருந்து ஒருவன் "உன் குரல் கேட்கும் பக்கம்" என்பான். அது நீங்கள்.

நீங்கள் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட வாரம் அந்தப் பின்னறை வாசலில் நான் பள்ளிச் சீருடையோடு நின்றிருந்தேன். உங்கள் இருவர் கண்ணிலும் நான் பட்டிருக்கமாட்டேன். நான் நிற்பது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பயணச்சீட்டு வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். அப்பா நிமிரவே இல்லை. "போறவன் போகட்டும். ரெண்டாங்குரலுக்கு கீபோர்டுல ஒரு விரல் போதும்" என்றார். நீங்கள் சுருதிப்பெட்டியை மூடி அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்குப்பிறகு நீங்கள் பாடுவதே இல்லை, குளியலறையில்கூட முணுமுணுப்பதில்லை, வண்டியில் செய்திதான் ஓடுகிறது என்று சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஒரு விரல் போதும் என்றவர், அந்த இடத்தில் கீபோர்டு மாமா விரலை வைக்கப்போனால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். இத்தனை வருடமும் எல்லா மேடையிலும் அப்படித்தான். "அண்ணே, அந்த இடத்துல பாட்டு பொசுக்குனு நின்னுபோவுது. ஏதாச்சும் போடட்டுமா?" என்று மாமா கேட்டால், "மூச்சு விடுற இடம்டா அது. விடு" என்பார். இப்போதும் அதே நிலைமை. ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. படகுப் பாட்டில் மட்டும் அப்பா கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிறார். வேறு ஆளைப் பாடவைக்கலாம் என்று அவசரம் தன் மச்சானைக் கூட்டிவந்தார். அப்பா அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, குடும்பத்தை விசாரித்து, மைக்கைக் காட்டாமலே அனுப்பிவிட்டார். வானொலிக்காரப் பெண்மணிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. படகுப் பாட்டு இல்லாமல் தொகுப்பைக் கொடுக்க முடியாது. இந்த நிலையில் அதைக் கொடுக்கவும் அப்பா விடமாட்டார்.

இதற்கு நடுவில்தான் அந்த நேரலைக் கச்சேரி நடந்தது. தொகுப்பு வரப்போவதை எல்லோருக்கும் தெரியப்படுத்த, கடையிலிருந்தே பாடி நேராகக் காட்டலாம் என்பது என் யோசனை. அறிவிப்புக்கு நேரம் என்ன போடட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "கச்சேரின்னா ஏழு மணி" என்றார். "அங்கெல்லாம் வந்துப்பா..." என்று ஆரம்பித்தேன். "எங்க இருந்தா என்ன? உலகம் பூராவும் கச்சேரி ஏழு மணிக்குத்தான்" என்றார். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னால் எனக்குத் தெரிந்ததுகூட மறந்துவிடும். ஞாயிறு மாலை ஏழு மணி என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு மதியம் படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கப் பக்கத்தைத் திறந்தேன். முப்பது பேருக்குமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஏழு மணி ஆகிவிட்டது. திரையில் அம்மா கடையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். "பெருக்குவது பிரமாதம், பாட்டு எப்போது?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவிடம் ஓடினேன். அவர் பனியனோடு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவங்களுக்கு ஏழு ஆயிடுச்சுப்பா என்றேன். சுவர்க் கடிகாரத்தை, அது தன்னை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்தார். "வந்தவங்களத் திருப்பி அனுப்புற பழக்கம் நமக்கு இல்ல" என்று எழுந்தார். "ஏங்க, சட்டையப் போடுங்க, உலகமே பாக்குது" என்று அம்மா துடைப்பத்தோடு கத்தியதையும் உலகம் கேட்டது. மற்ற இருவரும் வந்துசேரும்வரை யாராவது பேச வேண்டுமே. அப்பா மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டார். "வணக்கம். கொஞ்சம் இருங்க. பாடுவாங்க" என்றேன். சிரிக்காதீர்கள் சித்தப்பா, எனக்கு அதுவே ஒரு மேடைப்பேச்சு.

அந்தக் கச்சேரியை முடித்து மூச்சு வாங்குவதற்குள் நம் ஏழு மணி வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே என்று மறுபடி முதலிலிருந்து. நாங்கள் தூங்கிய பிறகு இன்னொரு கூட்டம் வந்து, "வந்தோம், கதவு சாத்தியிருந்தது" என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. காலையில் கடையைத் திறந்தால், ரொம்ப மேற்கே இருப்பவர்கள் திரையில் வந்து காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அப்போதுதான் ஞாயிறு மாலை. வாசலில் ஒருவர் பம்பு மோட்டாரோடு நிற்கிறார். "அண்ணே, இன்னும் எத்தன ஏழு பாக்கி?" என்று அவசரம் கேட்டார். அவருக்குப் பள்ளி வேன் ஓட்டப் போக வேண்டும். எல்லாப் பாட்டையும் ஓட்டமும் நடையுமாக அடித்து நொறுக்கினார். மோட்டார்காரர், "எனக்கு அவசரந்தான், இருந்தாலும் பாட்டு முடியட்டும்" என்று மோட்டார்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு நாளில் விற்ற அளவுக்குப் பாட்டுகள் அதற்குமுன் இரண்டு மாதத்தில்கூட விற்றதில்லை. ஒரே கச்சேரியை மூன்று தடவை பாடிய குழு என்று எங்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. கச்சேரி நடக்கும்போது என் வேலை திரையைப் பார்ப்பது. யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கும் ஒருவர் மூன்று தடவையும் வந்திருந்தார். நாம் விற்பனைக்கு வைத்த ஒவ்வொரு பாட்டையும் முதல் நாளே வாங்குகிறவரும் அவர்தான். ஒரு வார்த்தை எழுதியதில்லை. மதியம் அப்பா படகுப் பாட்டில் "கரை எந்தப் பக்கம்?" என்று கேட்டு நிறுத்தினார். பின்னாலேயே அந்தப் புள்ளியிடமிருந்து திரையில் ஓர் இதயக் குறி மேலே ஏறியது. கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். மாலையில் பாடியபோதும் அதேபோல். மறுநாள் காலையில் அவசரத்தின் வேகத்தில் அந்த இடம் வெகு சீக்கிரமாக வந்துவிட்டது. இதயமும் சீக்கிரமாகவே வந்தது. பிறகு தனியாக உட்கார்ந்து மூன்று பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் அப்பாவின் குரல் மேலே போகும்போதோ பாட்டு முடியும்போதோதான் இதயம் போடுகிறார்கள். இவர் ஒருவர்தான் சத்தமே இல்லாத இடத்தில் போடுகிறார். இல்லாத ஒன்றுக்கு யாரும் இதயம் போடமாட்டார்கள், அங்கே என்ன இருந்தது என்று தெரிந்தவரைத் தவிர.

அது நீங்கள் இல்லையென்றால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதிகப்பிரசங்கி என்று என்னைத் திட்டுங்கள். பொறுத்துக்கொள்கிறேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாலை கடை சாத்தும்போது அப்பா ஷட்டரைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் படகுப் பாட்டுல, நான் நிறுத்துற எடத்துல, யாராச்சும் ஏதாச்சும் எழுதுறாங்களா?" என்று கேட்டார். எழுதல, ஒருத்தர் மட்டும் இதயம் போடுறார் என்றேன். யாரு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "மூணு வாட்டியுமா?" என்றார். ஆமாம் என்றேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

மறுநாள் படகுப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்யலாம் என்றார். "வழக்கம்போல ஒண்ணரைக் கட்டையாண்ணே?" என்று கீபோர்டு மாமா கேட்டார். "ரெண்டரை வை" என்றார் அப்பா. மாமா தும்ம வந்ததை மறந்து அவரையே பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதற்காகத்தானே நீங்கள் இருவரும் மல்லுக்கு நிற்பீர்கள்? "ரெண்டரையில வச்சாத்தாண்ணே என் குரல் திறக்கும்" என்பீர்கள். "திறக்கிறதுக்கு அது என்ன கதவா?" என்று அவர் தன் சுருதியிலேயே வைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து அப்பா யாருக்காகவும் சுருதியை ஒரு கட்டை ஏற்றியதில்லை. அன்று ஏற்றிப் பாடினார். கழுத்து நரம்பு புடைத்தது. "ஏங்க, பக்கத்துத் தெரு நாயெல்லாம் பதில் சொல்லுது" என்று அம்மா வெளியிலிருந்து சொன்னார். பொருட்படுத்தவில்லை. பாடி முடித்து, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். "எடம் போதுமா பாரு" என்று என்னிடம் சொன்னார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போதும்ப்பா என்றேன்.

எழுதிக்கொண்டே போய்விட்டேன். சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தம்பிக்கு முத்தங்கள், இந்தக் கடிதத்தில் அவனுக்குப் புரிகிற வரிகளை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். இரவும் பகலும் மாறி மாறி வண்டி ஓட்டுகிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கே ஓட்டினாலும் உங்களுக்கு முன்னால் சாலை நன்றாக இருக்கட்டும்.

உங்கள் பாசமுள்ள,
அண்ணன் மகள்

பி.கு.: கேட்க வந்ததைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் வழக்கம்தான். இதை எழுதும்போது அப்பா இந்தப் பக்கமாக வந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பேரிங்கை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன். அப்பாவின் புதிய பதிவை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எங்காவது வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். எங்கள் மெத்தை அறையைவிட அது அமைதியாக இருக்கும். ஒரு காதில் அப்பாவைக் கேட்டுக்கொண்டு, போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் பாடி எனக்கு அனுப்புங்கள். குரல் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அவர் கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருக்கிறார் சித்தப்பா. பதில் சொல்லுங்கள்.